தன்னைத் தானே திருத்தும் பொறியும் அதன் ஐயமும்

பொறிகள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளக் கற்றுவிட்டன. இனி அவற்றை நடத்துவோர் கவலையின்றி உறங்கலாம் என்றொரு பேச்சு இந்நாளில் விடுதி உணவறை முதல் விரிவுரை மண்டபம் வரை எங்கும் கேட்கப்படுகின்றது. இதற்கு நேர்மாறாக, தன்னைத் திருத்தவல்ல பொறி தன்னைக் கெடுத்துக்கொள்ளவும் வல்லதாதலின், உயிர் சார்ந்த தொழில்களில் அதனை அண்டவிடலாகாது என்பாரும் உளர். இவ்விரு திறத்தாரும் பொறிக்குள்ள அறிவின் அளவைப் பற்றியே வழக்காடுகின்றனர். தன் அறிவில் எவ்வளவு ஐயம் கலந்திருக்கின்றது என்பதை அப்பொறி அறிந்து நடக்கின்றதா என்னும் வினாவை இருவருமே எழுப்புவதில்லை. அவ்வினாவே முதன்மையானதென்பதும், அதற்கு விடை தராத பொறியை எவரும் ஏற்கலாகாதென்பதும் எமது துணிபு.

தமிழிலக்கணம் பயில்வார்க்குப் பொறியியலில் என்ன வேலை என்று விஞ்ஞான வகுப்பு நண்பர் நகைக்கலாம். நகைக்கட்டும். எம்மை இப்பொருளிடத்துக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு விமானியின் மரணம்.

எக்ஸ்-15 என்பது அமெரிக்க நாட்டில் ராக்கெட்டு விசையாற் பறந்த சோதனை விமானம். பி-52 என்னும் பெரு விமானத்தின் சிறகடியில் தொங்கிச் சென்று, ஏறத்தாழ 45,000 அடி உயரத்தில் விடுவிக்கப்பட்டு, அதன்பின் தன் ராக்கெட்டைக் கொளுத்தி வானில் எழும் இயல்பினது. இவ்வகை விமானங்கள் மூன்று சமைக்கப்பட்டு, 1959 முதல் 1968 வரை 199 முறை பறந்தன. மூன்றாவது விமானத்தில் மட்டும் எம்.எச்.-96 என்னும் புதியதொரு கட்டுப்பாட்டுப் பொறி தொடக்கமுதல் அமைந்திருந்தது. அதுவே தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பொறி. பின்னாளிற் சந்திரனில் முதன்முதல் அடிவைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கு 1961 டிசம்பரில் அவ்விமானத்தின் முதற் பறப்பை நடத்தினார். 1963 ஆகஸ்டு 22-இல் ஜோசப் வாக்கர் அதே விமானத்தில் 3,54,200 அடி உயரம் சென்று மீண்டார். ஆகவே அப்பொறி பயனற்றதென்று எவரும் கூறவியலாது.

அப்பொறி செய்த தொழில் யாது? விமானியின் கைப்பிடி சிறிது அசைந்தால், விமானத்தின் வாற்சிறகு எவ்வளவு அசைய வேண்டும் என்பது காற்றின் செறிவையும் விமானத்தின் வேகத்தையும் பொறுத்தது. கீழே, செறிந்த காற்றில், வாற்சிறகு சிறிது அசைந்தாலே விமானம் துள்ளும். மேலே, மெலிந்த காற்றில், எவ்வளவு அசைத்தாலும் அசைவு போதாது. அதற்கும் மேலே சிறகிற்குப் பற்றுக்கோடே இல்லாமையால், ஹைட்ரஜன் பெராக்சைடின் ஆவியைப் பீச்சும் சிறு குழாய்களைக்கொண்டே விமானத்தைத் திருப்புதல் வேண்டும். ஒரே பறப்பில், சில நிமிடங்களுக்குள், இம்மூன்று உலகங்களையும் அவ்விமானம் கடந்தாக வேண்டும். கட்டளையை எத்தனை மடங்கு பெருக்கிச் சிறகுக்கு அனுப்புவது என்னும் எண்ணை ஒருமுறை வகுத்து வைத்தால், அஃது ஓரிடத்துக்கு ஏற்றும் ஓரிடத்துக்கு ஏலாதும் ஒழியும். ஆதலின் அவ்வெண்ணைப் பறக்கும்போதே தேடிக் காணும்படி பொறியை அமைத்தனர்.

தேடும் முறையும் வியப்பானது. வீணையின் தந்தியை முறுக்குவோன், இன்னும் முறுக்கினால் அறும் என்னும் எல்லையைக் கையின் உணர்ச்சியால் அறிந்து அங்கே நிறுத்துவான். எம்.எச்.-96-உம் அவ்வாறே பெருக்க எண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே செல்லும். மிகையாக உயர்ந்தால் சிறகில் ஒரு மெல்லிய நடுக்கம் தோன்றும். தோன்றியதும் பொறி எண்ணைத் தாழ்த்தும். நடுக்கம் அடங்கியதும் மீண்டும் உயர்த்தும். இங்ஙனம் நடுக்கத்தின் விளிம்பிலேயே எப்போதும் நின்று, அந்நடுக்கத்தையே தன் கண்ணாகக்கொண்டு, வெளியே காற்று எவ்வாறுள்ளது என்பதை அஃது ஊகித்தது. காற்றை அது நேரே அளக்கவில்லை என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்வாராக.

1967 நவம்பர் 15-இல் மைக்கேல் ஆடம்ஸ் என்னும் 37 வயது விமானி அவ்விமானத்தில் ஏறினார். எக்ஸ்-15-இல் அஃது அவருக்கு ஏழாவது பறப்பு. மேலெழும்போதே, விமானத்திற் பொருத்தியிருந்த ஓர் ஆராய்ச்சிக் கருவியினின்று எழுந்த மின் கோளாறு கட்டுப்பாட்டுப் பொறியை இடர்ப்படுத்தியது. 2,66,000 அடி என்னும் உச்சத்தை எய்தியபோது விமானத்தின் முகம் தான் செல்லும் வழியினின்று 15 பாகை திரும்பியிருந்தது. ஆடம்ஸின் முன்னிருந்த கருவியின் முள் அப்போது விமானத்தின் பக்கச் சாய்வைக் காட்டிக்கொண்டிருந்தது. அவரோ அது முகத்திருப்பத்தைக் காட்டுவதாகக் கருதித் திருத்த முயன்றார் என்பது பின்னர் விசாரணை செய்தோர் கண்ட முடிபு. அவர் திருத்தத் திருத்த முகம் மேலும் விலகிற்று. அரை நிமிடத்தில் விமானம் தன் வழிக்குச் செங்குத்தாகத் திரும்பியவாறே இறங்கிற்று. 2,30,000 அடியில், ஒலியின் வேகத்தைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில், அது பம்பரமாய்ச் சுழலலாயிற்று. அத்தகைய சுழற்சியினின்று மீளும் வழி அந்நாளில் எவருக்கும் தெரியாது. எனினும் 1,18,000 அடியில் விமானம் சுழற்சியினின்று விடுபட்டது!

இவ்விடத்தில் நாடகம் நல்முடிவு எய்தியிருக்கவேண்டும். விமானம் தலைகீழாயிருந்தது உண்மையே. ஆயினும் புரட்டி நிமிர்த்துவதற்கு உயரமும் வேகமும் எஞ்சியிருந்தன. அப்போதுதான் கட்டுப்பாட்டுப் பொறி ஓயாத ஆட்டம் ஒன்றிற் சிக்கியது. விமானத்தின் முகம் மேலும் கீழுமாக விரைந்து ஆடத் தொடங்கி, ஆட்டம் வரவர மிகுந்தது. விமானமோ நிமிடத்திற்கு 1,60,000 அடி வீதம் செறிந்த காற்றுக்குள் வீழ்ந்துகொண்டிருந்தது. செறிந்த காற்றிற் பெருக்க எண் தாழ்ந்திருத்தல் வேண்டும். அதனைத் தாழ்த்துவதற்கென்றே அமைந்த பொறி அதனைத் தாழ்த்தவில்லை. சிறகை அசைக்கும் உறுப்புகள் தம்மால் இயன்ற வேகத்தின் எல்லையை எட்டிவிட்டன. இரு மடங்கு கட்டளையிட்டால் இரு மடங்கு அசைவு கிடைக்கும் என்னும் எளிய விதி அங்கே இறந்துபட்டது. ஏறத்தாழ 65,000 அடியில் விமானம் சிதறியது, ஆடம்ஸ் மாண்டார். 199 பறப்புகளில் உயிரிழந்த விமானி அவர் ஒருவரே.

இவ்வரலாற்றை விரித்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. விமானியும் திருத்தினார், பொறியும் திருத்தியது. இருவரும் சோம்பியிருக்கவில்லை. விமானி முள்ளின் பொருளைத் தவறாகக் கொண்டார். பொறி நடுக்கத்தின் பொருளைத் தவறாகக் கொண்டது. மனிதன் தவறினான், பொறி தவறவில்லை என்பார்க்கும், பொறியே கொன்றது என்பார்க்கும் இந்நிகழ்ச்சி இடங்கொடாது.

இனி, அளவு காணும் கலையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஒரு பொருளின் நடத்தையை நிர்ணயிக்கும் எண்களை அளபுருக்கள் என்பர். அவற்றைக் கண்ணாற் காண இயலாது. நடத்தையைக் கண்டு பின்னோக்கி ஊகித்தே பெறவேண்டும். இக்கலையின் புகழ்பெற்ற வெற்றி 1801-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜனவரி முதல் நாள் பலெர்மோ நகரில் பியாசி என்பார் சீரிஸ் என்னும் சிறு கோளைக் கண்டார்; பிப்ரவரியில் அது சூரிய ஒளியில் மறைந்தது. அந்தச் சில வாரக் குறிப்புகளைக்கொண்டு, 24 வயதினரான காஸ் அதன் பாதையை வரையறுக்கும் எண்களைக் கணித்துச் சொல்ல, ஆண்டின் இறுதிநாளில் அவர் சொன்ன இடத்தருகே அது மீண்டும் காணப்பட்டது. ஆயின் காஸுக்கு ஒரு வசதி இருந்தது. அவர் கணக்கிடும்வரை சீரிஸ் காத்திருந்தது என்றே சொல்லலாம்; அவர் பிழை செய்தாலும் அதனாற் சீரிஸ் தடம்புரண்டிராது. விமானத்தை ஓட்டிக்கொண்டே அதன் அளபுருக்களைக் கணிக்கும் பொறிக்கு அவ்வசதி இல்லை. அதன் பிழையான மதிப்பீடு அக்கணமே கட்டளையாகி விமானத்தை அசைக்கின்றது. அசைந்த விமானம் அடுத்த மதிப்பீட்டுக்குச் சான்றாகின்றது.

பொறியியலார் பெரும்பாலும் கைக்கொள்ளும் முறை இது: மதிப்பீடு கிடைத்ததும், அதனை உண்மை எண்ணாகவே பாவித்துக் கட்டளையிடுவர். மதிப்பீடு நாளடைவிற் செம்மையுறுமாதலின், கட்டளையும் செம்மையுறும் என்பது நம்பிக்கை. நேர்விகிதத்தில் இயங்கும் பொருள்களில் இந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. சுவீடன் நாட்டார் 1970-களில் வளர்த்த தன்திருத்தக் கருவிகள் காகித ஆலைகளிலும் கப்பல்களிலும் நற்பணி புரிந்தன. நேர்விகித விதிக்கு அடங்காத பொருள்களிலோ நிலைமை வேறு. கணித வகுப்பு நண்பர் ஒருவர் வராந்தாவிலுள்ள கரும்பலகையில் எமக்குச் செய்துகாட்டிய கணக்கொன்றைச் சொற்களில் தருகின்றோம்.

ஒரு பொருள், தன் நிலைக்கு நிகரான விசையாற் சுழியத்தை நோக்கி இழுக்கப்படுகின்றது என்க. நம் மதிப்பீட்டிலுள்ள பிழை, அந்நிலையின் வர்க்கத்தாற் பெருகி, அப்பொருளை வெளியே தள்ளுகின்றது என்க. பிழை முதலில் 1 ஆக இருந்து, காஸும் பாராட்டத்தக்க ஒழுங்குடன் கணந்தோறும் தேய்ந்து சுழியத்தை நோக்கிச் செல்கின்றது. பொருள் 1 என்னும் நிலையில் தொடங்கினால், அமைதியாகச் சுழியத்தை அடைகின்றது. 2-இல் தொடங்கினால் வளர்ந்துகொண்டே போகின்றது. 3-இல் தொடங்கினாலோ, 0.55 நொடியில் எல்லையின்றி வெடித்து ஒழிகின்றது. அக்கணத்திற் பிழை எவ்வளவு? 0.58. அதாவது கற்றல் செவ்வனே நடந்துகொண்டிருந்தது. பாதிக் கல்விகூட முடிவதற்குள் மாணவன் இறந்தான். பிழை இறுதியில் ஒழியும் என்பதைக் காட்டி அமைதி கொள்வோர் இக்கணக்கை ஒருமுறை தம் கையாற் செய்துபார்ப்பது நன்று. கிர்ஸ்டிச், கனெல்லகோபுலோஸ், கோகோட்டோவிச் என்னும் மூவர் 1995-இல் வெளியிட்ட நூல் இக்காரணம்பற்றியே, மதிப்பீட்டையும் கட்டளையையும் தனித்தனியே வகுக்காது, ஒன்றன் குறையை மற்றொன்று தாங்குமாறு சேர்த்து வகுக்கும் முறையை விரித்துரைக்கின்றது.

அது நிற்க. இதனினும் வியப்பான கேடு ஒன்றுண்டு. அஃது அமைதியினின்று பிறப்பது. புதிய தோணியில் ஏறிய மாலுமி, அலையற்ற கடலில் நேரே செல்லுங்கால், சுக்கானின் குணத்தை எங்ஙனம் அறிவான்? சுக்கானை அசைத்தாலன்றி அறியான். பொறியும் அத்தன்மைத்தே. எல்லாம் சீராக ஓடும்போது வரும் அளவைகளிற் செய்தி ஒன்றும் இராது. கருவியின் சிற்றிரைச்சல் மட்டுமே இருக்கும். கற்பதை நிறுத்த அறியாத பொறி அவ்விரைச்சலைப் பாடமாகக் கொண்டு, தன் மதிப்பீடுகளை மெல்ல மெல்ல உண்மையினின்று நகர்த்திவிடுகின்றது. வெளியே எவ்வித அறிகுறியும் இராது. பின்பு ஒருநாள் எதிர்பாராது பெருங்குலுக்கம் எழும். அக்குலுக்கத்தில் உண்மையான செய்தி இருப்பதால் பொறி விரைந்து கற்றுத் தெளியும், மீண்டும் அமைதி, மீண்டும் மெல்லிய நகர்ச்சி, மீண்டும் குலுக்கம். ஆஸ்திரேலிய நாட்டுப் பேராசிரியர் பிரயன் ஆண்டர்சன் 1985-இல் இதனை ஆராய்ந்து, போதிய தூண்டுதல் இன்மையே காரணமெனக் காட்டினார். இதற்கு முன்னரே, 1960-ஐ ஒட்டி, மாஸ்கோவில் பெல்டுபாம் என்பவர் கட்டளைக்கு இரு கடமைகள் உண்டென்று வகுத்திருந்தார்: ஒன்று நடத்துவது, மற்றொன்று சோதித்தறிவது. இரண்டும் ஒன்றோடொன்று முரணுவன. மிகச் சீராக நடத்துவோன் சோதிப்பதில்லை. சோதிப்போன் சிறிதேனும் குலுக்கியே தீரவேண்டும்.

ஞாயிறு பள்ளியில் தோமாவை அவிசுவாசியென்று பழிக்கக் கேட்டே வளர்ந்தோம். தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற அவ்வப்போஸ்தலரின் குணம் பொறிகளுக்கு வாய்ப்பது நலமென்றே எமக்குத் தோன்றுகின்றது.

இக்கலையின் வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. 1958-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் வகுத்த விதி பல இடங்களிற் பலித்தும், அது நிலைகுலையக் கூடியதென்று 1966-இல் பார்க்ஸ் காட்டினார். 1980-இல் நிலைபேற்றுக்கு உறுதியான நிரூபணங்கள் வெளிவந்தன. அவற்றை அளித்தோருள் ஒருவர் யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கும்பதி நரேந்திரா; 1933-இற் சென்னையிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954-இற் பட்டம் பெற்றவர் என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும். இரண்டே ஆண்டுகளில், 1982-இல், ரோர்ஸும் அவர்தம் துணைவரும் அந்நிரூபணங்கள் கருதாது விட்ட மிக விரைந்த சிற்றசைவுகள் பொறியில் இருப்பின் அதே முறைகள் தடுமாறும் என்று கணித்துக் காட்டினர். நிரூபணங்கள் பொய்யல்ல. அவை எந்த எல்லைக்குள் மெய்யோ, அந்த எல்லையைப் பொறி அறியாது. அதனை அறிந்த மனிதரோ விமானத்தில் இல்லை.

ஆகவே எமது கோரிக்கை சிறியது. பொறி தரும் ஒவ்வொரு மதிப்பீட்டோடும் அதன் ஐயத்தின் அளவும் உடன்வரவேண்டும். ஐயம் மிகுந்தபோது கட்டளை அடக்கமாக வேண்டும். அமைதிக் காலத்திற் கற்பதை நிறுத்திவைத்தல், மதிப்பீடுகள் குறித்த வேலியைத் தாண்டாது தடுத்தல் ஆகிய முறைகள் பொறியியலார் கையில் முன்னரே உள்ளன. அவை விரும்புவோர் சேர்க்கும் அணிகலனாயில்லாமல், சட்டத்தாற் கட்டாயமாதல் வேண்டும். இதனாற் பொறியின் வேகம் குறையும், செலவு கூடும் என்பர். குறையட்டும், கூடட்டும். சோதனைக் குலுக்கம் பயணிகளுக்கு இடையூறாகும் என்பதே அதனினும் தக்க மறுப்பு. அதற்கு விடை, சோதிக்க இயலாத இடத்திற் கற்றதாகப் பாசாங்கு செய்யாதிருத்தலே.

மற்றொரு மறுப்பு வலிமையுடையது. ஐயம் மிகுந்தபோது பொறி மனிதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் என்கின்றீர். ஆடம்ஸைப்போல் அம்மனிதனும் முள்ளைத் தவறாகப் படித்துக்கொண்டிருந்தால் என் செய்வது? இதனை யாம் பலநாள் எண்ணினோம். ஐயுறும் பொறி தன் பொறுப்பைத் தலைசுற்றிக் கிடக்கும் மனிதனிடம் எறிந்துவிட்டு விலகுதல் தகாது என்றே முடிவு செய்தோம். சிறந்ததாயில்லாவிடினும் அபாயமற்றதென்று முன்பே சோதிக்கப்பட்ட, மாறாத எண்களையுடைய பழைய கட்டுப்பாடு ஒன்று அடியில் எப்போதும் காத்திருத்தல் வேண்டும். பொறி முதலில் அதற்கு இறங்கி வரவேண்டும். விமானி மூச்சு வாங்கிக்கொண்டு கருவியை மறுமுறை நோக்க அஃது அவகாசம் தரும். 2010-இல், நரேந்திராவின் மாணவியாகிய அனுராதா அன்னசாமியும் அவருடன் இருவரும், எக்ஸ்-15-இன் இறுதிப் பறப்பைக் கணினி மாதிரியில் மீண்டும் இயக்கிப் பார்த்தனர். பழைய பொறி நிலைகுலைந்த இடத்தில், பிற்கால நிரூபணங்களின் வழியமைந்த பொறி விமானத்தை நிலைநிறுத்தியதாக எழுதியுள்ளனர். அதனை யாம் மகிழ்ச்சியோடு வரவேற்கின்றோம். ஆயின் அம்மாதிரியில் விமானத்தின் குணங்கள் யாவும் ஆராய்வோர் கையில் முன்கூட்டியே இருந்தன. ஆடம்ஸுக்கும் அவருடைய பொறிக்கும் அவை இருக்கவில்லை.